இடப்பக்கம் புல் அறுக்கும் சத்தம்

ஜக்து மகதோவுக்கு இடது காது கேட்காது. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜக்து, இன்னொருவர் அவன் மனைவி மங்கரி.

மற்றபடி ராப்தி ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் ஜக்துவின் காதைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். காய்ந்த சால மரத்து இலைமேல் புலி கால் வைத்ததை நூறு அடி தள்ளி நின்றே கேட்டான் என்பார்கள். புதருக்குள் மூச்சு விடுவது கரடியா காண்டாமிருகமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான் என்பார்கள். அதில் பாதி உண்மை. பதினெட்டு வருடமாகச் சரணாலயத்தைப் பார்க்க நடந்து போகிற கூட்டங்களுக்கு வழிகாட்டியாக அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

நடைக்கு இரண்டு வழிகாட்டிகள். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். பார்க்க வந்தவர்கள் நடுவில். முன்னால் போகிறவனுக்குக் கண் வேலை, பின்னால் வருகிறவனுக்குக் காது வேலை. இரண்டு ஆள் உயரம் நிற்கிற யானைப்புல்லுக்குள் மூன்றடிக்கு மேல் எதுவும் தெரியாது. அங்கே முன்னால் போகிறவன் கொஞ்சம் தூரத்துக்கு ஒரு தடவை நின்று, கையிலுள்ள மூங்கில் கழியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டுவான். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பதாக அர்த்தம். பின்னால் வருகிறவன் கேட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்றால் உள்ளங்கையை உயர்த்துவான். பேச்சே கிடையாது. அதனால் வயதும் அனுபவமும் கூடக்கூட ஆளைப் பின்னால் போடுவதுதான் இங்கே வழக்கம். அது பெரிய மரியாதை. பின்னால் போடப்பட்டவன் தன்னை முன்னால் விடும்படி கேட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு, மழைக்காலத்தில் வெள்ளம் வடிந்த பிறகு ஜக்துவுக்குக் காய்ச்சல் வந்தது. இடது காதில் சீழ் வைத்தது. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டான். சீழ் போயிற்று, கேட்கிற சக்தியும் கூடவே போயிற்று. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. காய்ந்த புல்லைக் கருக்கரிவாளால் அறுப்பதுபோல ஒரு சத்தம். சரக், சரக் என்று. சில வாரம் இருக்காது. சில நாள் விடிந்ததிலிருந்து தூங்குகிற வரைக்கும் நிற்காது.

அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. முதல் மாதம் சரியாகிவிடும் என்று நினைத்தான். இரண்டாவது மாதம், மழை முடிந்து நடை தொடங்கும்போது சொல்லலாம் என்று நினைத்தான். நடை தொடங்கிய பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தான். காலையில் மரத்தோணியில் ஏறி ஆற்றோட்டத்தோடு மேற்கே போவது, தென்கரையில் இறங்கிக் காட்டைப் பார்த்துவிட்டு, கரையை ஒட்டியே கிழக்கே நடந்து திரும்புவது. அப்படித் திரும்பினால் ஆறு இடப்பக்கம் இருக்கும். ஆற்றிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது? முதலை மணலில் படுத்திருக்கும், அவ்வளவுதான். காடு இருக்கிற வலப்பக்கத்துக்கு நல்ல காது இருந்தது.

முன்னால் போகிறவன் ஹரிலால், மங்கரியின் தம்பி. இருபத்தொன்பது வயது. ஆங்கிலம் நன்றாகப் பேசுவான், வந்தவர்களைச் சிரிக்க வைப்பான். அக்கா புருஷனைக் கிண்டல் செய்ய அவனுக்கு முழு உரிமை உண்டு, அதை ஒரு நாளும் வீணாக்க மாட்டான்.

"அத்தான், அந்த ஆத்தங்கரையில யாரையாவது குடி வெச்சிருக்கீங்களா? வேற பாதை சொன்னா மூஞ்சி சுருங்குது. அக்காகிட்ட நான் சொல்லலைங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்" என்பான்.

ஜக்து சிரித்துவைப்பான். அந்தச் சிரிப்பு மங்கரிக்குப் பிடிக்காது.

மாக மாதம் முதல் தேதி தாரு இனத்தார் வீடுகளில் மாகிப் பண்டிகை. அன்று சாப்பாடு ஆனதும் வீட்டு ஆட்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, வருகிற வருடத்துக்கு யார் எந்த வேலையைப் பார்ப்பது என்று பேசி முடிப்பார்கள். வேலையை மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் அன்றைக்குச் சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வருடமும் ஜக்துவின் அண்ணன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஜக்துவின் முறை வந்தது. மங்கரி அரிசிமாவுக் கொழுக்கட்டைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஜக்து தட்டைத்தான் பார்த்தான். போன வருடம் மாதிரியே என்றான்.

அன்று அடுப்பை அணைத்தபிறகு அவள் பேசினாள். சத்தம் போடவில்லை.

"எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் முதுகுக்கு நீங்க காவல்னு நெனச்சிட்டு நடக்குறான். புல் அறுப்பு முடியற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

"சொன்னா என்னை வீட்ல உக்கார வெச்சிடுவாங்க."

"வீட்ல உக்காந்தவன் எவன் செத்தான்?"



மாக மாதத்தில் சில நாட்களுக்குச் சரணாலயத்தின் புல்வெளியை ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கூரைக்கும் தட்டிக்கும் புல் அறுத்துக்கொள்ளலாம். விடியும் முன்பே நூற்றுக்கணக்கானவர்கள் தோணியில் ஆற்றைக் கடப்பார்கள். பாட்டும் கூப்பாடுமாகப் புல்வெளி சந்தை மாதிரி ஆகிவிடும். அந்தச் சத்தத்துக்கு மிருகங்கள் ஆற்றோரத்தை விட்டு உள்காட்டுக்குப் போய்விடும். அதனால் புல் அறுப்பு நாட்களில் வழிகாட்டிகள் ஆற்றுப் பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். ஜக்துவுக்கு அவை வருடத்திலேயே நிம்மதியான நாட்கள்.

மூன்றாவது நாள் காலை மங்கரி அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு போனாள். சதுப்பை ஒட்டின மேட்டில் புல் நீளமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அவனுடைய வலப்பக்கம் வந்து நின்று, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றாள்.

அன்று நடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். பாட்டன் நகரத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் பூர்ணமான் துலாதர், அவர் மனைவி நானிமாயா. தோணித் துறையில் பனி அப்படியே நின்றது. ஆற்றின் எதிர்க்கரை தெரியவில்லை. எட்டு மணிக்கும் கலையவில்லை. தோணிக்காரன் இந்த மாதத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்று முணுமுணுத்தான். வழக்கமாக மணலில் கிடக்கும் முதலைகளும் அன்று இல்லை.

ஹரிலால் எப்போதும் சொல்வதைச் சொன்னான். புலியைப் பார்த்தால் ஓடக்கூடாது, கண்ணைப் பார்த்தபடி பின்னால் நகர வேண்டும். காண்டாமிருகம் வந்தால் மரத்தில் ஏற வேண்டும். மரம் இல்லையென்றால் வளைந்து வளைந்து ஓட வேண்டும். கையில் இருப்பதையோ மேலே போட்டிருப்பதையோ வீசிவிட வேண்டும், அது அதை முகர்ந்துகொண்டு நிற்கும்.

"எதை வேணும்னாலும் வீசலாமா தம்பி? சம்சாரத்தை வீசலாமா?" என்றார் துலாதர்.

"வீசிட்டு ஓடுங்க. ராத்திரி அதுக்கும் நான்தான் சமைச்சுப் போடணும்" என்றாள் நானிமாயா. தோணிக்காரன்கூடச் சிரித்தான். ஆனால் அவள் கை தோணியின் விளிம்பை விடவில்லை.

கரையோரம் போகும்போது பனிக்குள்ளிருந்து புல் அறுக்கிறவர்களின் பாட்டு கேட்டது. ஹரிலால் அக்காவின் பேரைச் சொல்லிக் கூவினான். யாரோ பதிலுக்குக் கூவியதாகச் சொன்னான். ஜக்துவுக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோலத் தலையை ஆட்டினான்.

மேற்கே இறங்கிச் சாலக்காட்டுக்குள் மூன்று மணி நேரம் நடந்தார்கள். ஒரே ஒரு மான்கூட்டம் மட்டும் தெரிந்தது, அதுவும் மேயாமல் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி நின்றது. துலாதருக்குத் திருப்தி இல்லை. காண்டாமிருகத்தைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் கடைப் பையன்கள் சிரிப்பார்கள் என்றார். திரும்பும்போது மணி பன்னிரண்டு ஆகி, பனி கலைந்திருந்தது. நானிமாயா செருப்பு கடித்து நொண்டிக்கொண்டு வந்தாள்.

பாதை பிரிகிற இடத்தில் ஹரிலால் நின்றான். வலப்பக்கப் பாதை காட்டு விளிம்போடு சுற்றிப் போகும். நீளம் அதிகம், ஆனால் ஏறுவதற்கு மரங்கள் உண்டு. நேர்ப்பாதை புல்வெளியின் ஊடாகப் போகும். அரை மணியில் தோணித்துறை. இடப்பக்கம் சதுப்பு, புல் அறுக்கிற மேடு, அதற்கு அப்பால் ஆறு. ஹரிலால் நானிமாயாவின் காலைப் பார்த்தான். பிறகு ஜக்துவைப் பார்த்துக் கழியை இடப்பக்கம் சாய்த்தான். அவன் நெற்றி சுருங்கியிருந்தது. ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் தன் காதைவிட அத்தானின் காதை நம்புகிறவன் அவன்.

ஜக்து தலையைத் தாழ்த்திக் கேட்டான். சரக், சரக், சரக். இடப்பக்கம் அரிவாள்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மங்கரியுடையது என்று நினைத்தான்.

கண்ணையும் ஒரு தடவை அந்தப் பக்கம் ஓட்டினான். புல் அறுக்கிற இடத்துக்கு மேலே எப்போதும் மைனாக்கள் சுற்றும். அறுக்க அறுக்கப் பூச்சிகள் கிளம்பும், அதற்காக வரும். அன்று புல்லுக்கு மேல் வானம் வெறுமையாக இருந்தது. ஜக்து அதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நீ கேட்டுப் பார் என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு நானிமாயா முகத்தைச் சுளித்துக் காலை மாற்றி வைத்ததையும் ஹரிலால் காத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தான். பதினெட்டு வருடமாகப் பார்த்ததை விட்டுக் கேட்டதை நம்பியே பழகியவன். உள்ளங்கையை உயர்த்தினான்.

புல்லுக்குள் நுழைந்தார்கள்.

நூறு தப்படி போயிருப்பார்கள். பாதையில் பாதி கட்டிய புல்கட்டு ஒன்று கிடந்தது. கயிறு முடிச்சுப் போடாமல் விடப்பட்டிருந்தது. இன்னும் நாலு தப்படியில் ஒரு சோற்று மூட்டை, மிதிபட்டு, சோறு சேற்றில் சிதறிக் கிடந்தது. ஒற்றைச் செருப்பு. ஹரிலால் சட்டென்று நின்று திரும்பினான். வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று ஜக்துவுக்குப் புரியவில்லை, அரிவாள் சத்தம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

அப்போது ஹரிலாலின் தலை இடப்பக்கம் திரும்பியது. துலாதரின் தலை திரும்பியது. நானிமாயாவின் தலை திரும்பியது. கடைசியாகத் திரும்பியது ஜக்துவின் தலை.

தாய்க் காண்டாமிருகம், பின்னால் குட்டி. புல் இரண்டாகப் பிளந்தது. ஹரிலால் துலாதரை வலப்பக்கம் தள்ளிவிட்டுத் தன் மேற்சட்டையைக் கழற்றி அதன் முகத்துக்கு நேராக வீசினான். அது சட்டையை முகரவில்லை. ஏற்கெனவே எதனாலோ மிரண்டிருந்தது. சட்டையைத் தாண்டி நேராக ஹரிலாலைத் தாக்கியது. ஜக்து கத்திக்கொண்டே ஓடித் தன் கழியால் அதன் விலாவில் அடித்தான். கழி ஒடிந்தது. எவ்வளவு நேரம் என்று அவனால் பிறகு சொல்ல முடியவில்லை. குட்டி எங்கோ கத்தவும் தாய் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனது.

ஹரிலாலின் வலது தொடை கிழிந்திருந்தது. நானிமாயாதான் முதலில் அசைந்தாள். தன் சிவப்புச் சால்வையை எடுத்து இறுக்கிக் கட்டினாள். துலாதரும் ஜக்துவும் தூக்கினார்கள்.  கரை வந்ததும் ஜக்து ஆற்றுக்கு அப்பால் பார்த்தான்.

எதிர்க்கரையில் புல் அறுக்கப் போனவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல். பதினோரு மணிக்கே அந்தத் தாய் சதுப்பிலிருந்து அவர்கள் நடுவில் கிளம்பி வந்திருக்கிறது. அவர்கள் கத்தி, பந்தம் கொளுத்தி வீசி, அரிவாள், மூட்டை எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தோணிகளில் விழுந்து ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். அப்போது ஹரிலால் கூட்டம் மேற்கே காட்டின் ஆழத்தில் இருந்தது. ஒரு மணி நேரமாக அந்தப் புல்வெளியில் மனிதச் சத்தமே இல்லை.

முதலில் வந்த தோணியில் மங்கரி இருந்தாள். வெறுங்கையோடு இருந்தாள். தம்பியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

ஜக்து அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரிவாள் இல்லை. ஆற்றின் இந்தக் கரையில் அறுப்பதற்கு ஆளே இல்லை. அவன் இடது காதில் மட்டும், சரக், சரக் என்று அறுப்பு நடந்துகொண்டே இருந்தது.

பரத்பூர் ஆஸ்பத்திரியில் கால் பிழைக்கும் என்றார்கள். பழையபடி நடப்பானா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் மத்தியானம் வழிகாட்டிகளின் சங்கத்திலிருந்து எழுத்தர் காகிதத்தோடு வந்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் வேண்டியவர். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விஷயத்தை எப்படி எழுதலாம் என்று மெதுவாகப் பேசினார். வந்த அம்மாள் சிவப்புச் சால்வை போட்டிருந்தார்கள், நொண்டிக்கொண்டே முனகியிருக்கிறார்கள், அதனால்தான் மிருகம் மிரண்டது என்று எழுதிவிடலாம். அவர்கள் ஊருக்குப் போயாயிற்று. யாருக்கும் நஷ்டமில்லை. ஜக்துவைப் போன்ற காது உள்ளவன் பின்னால் இருந்தும் நடந்தது என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

மங்கரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிடுவேன் என்றவள் இப்போது சொல்லவில்லை.

"அந்த அம்மா வாயே தெறக்கலை" என்றான் ஜக்து. "அவங்க சால்வைதான் இவன் ரத்தத்தை நிறுத்துச்சு. எனக்கு இடது காது கேக்காது. மூணு வருஷமாக் கேக்காது. ஆள் இருக்காங்கன்னு நெனச்சு நான்தான் கை காட்டினேன்."

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவனைப் பார்த்தார். யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றான் ஜக்து.

ஹரிலால் மேற்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.  அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் ஜக்துவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பின்னால வந்திருப்பேன் அத்தான். நீங்க முன்னால போயிருக்கலாம். கண்ணு நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு."

இவ்வளவு எளிதான ஒன்று மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட ஜக்துவுக்குத் தோன்றியதில்லை. வீடு அல்லது பின்னால், இரண்டில் ஒன்றுதான் என்று நினைத்திருந்தான். அங்கே வேலை பார்க்கிற எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

எழுத்தர் எழுதினார். எந்த மாதத்திலிருந்து என்று கேட்டு அதையும் எழுதினார். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, தனக்குத் தானே கேட்பதுபோலக் கேட்டார்.

"பின்னால போற மத்தவங்களுக்கெல்லாம் காது எப்படி?"

ஜக்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். எல்லோரும் அவனைவிட மூத்தவர்கள். பகேடு என்ற பெரியவருக்கு ஐம்பத்தெட்டு. முன்பெல்லாம் தரையைப் பார்த்தே பேசுகிற மனிதர் அவர். ஒரு வருடமாக யார் பேசினாலும் அவர்கள் உதட்டையே பார்க்கிறார்.

அதை அவன் சொன்னதும் எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். பகேடு அன்று காலை ஒன்பது பேரோடு உள்ளே போயிருந்தார். அவர்கள் திரும்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.